மூட்டைக்குள் விழும் கடைசி ஒரு பிடி

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் சாலையை ஒட்டிய ஓர் அரிசி ஆலை. தகரக் கூரை, உமி வாசம். மேலே ஹாப்பர், கீழே எலக்ட்ரானிக் தராசு, அதன் மேல் வாய் விரித்த பை. நெம்புகோலை இழுக்கிறவர் 26.240 வந்ததும் நிறுத்தினார். குனிந்து இரண்டு பிடி அரிசியை அள்ளிப் பக்கத்துத் தட்டில் போட்டார். 26.050. பையின் எடை 60 கிராம் என்பது அவருக்கு மனப்பாடம். கால் பிடியைத் திரும்பப் பைக்குள் உதிர்த்தார். 26.060. தைக்கிறவர் பக்கம் தள்ளப்போகும்போது முதலாளி குறுக்கிட்டார்.

“கூட ஒரு பிடி கிடக்கட்டும்யா. கேரளாவுக்குப் போற சரக்கு. அங்க போயி குறைஞ்சா நாமதான் பதில் சொல்லணும்.”

“இப்படியே எல்லாப் பையிலயும் போட்டா யார் அண்ணாச்சி கணக்குப் பாக்குறது?” என்றார் அவர். ஆனாலும் ஒரு பிடி போட்டார்.

முதலாளியின் மேசையில் நான்கைந்து கம்பெனிகளின் விலைப்புள்ளிகள் கிடந்தன. தானாக நிறுத்துப் பையில் கொட்டும் இயந்திரம் வாங்க உத்தேசம். எல்லாத் தாளிலும் ஒரே வாக்கியம்: துல்லியம் 0.1 சதவீதம். “எல்லாமே ஒண்ணுதானே, விலை குறைச்சலா இருக்குறத வாங்கிரலாமா?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நின்ற நிலையில் பதில் சொல்ல முடியவில்லை. மூட்டை பிடிக்கும் தொழில் இந்தப் பக்கத்தில் எப்படி நடக்கிறது, அதில் எந்தத் தராசு எங்கே பொருந்தும் என்று முழுவதுமாகப் பார்த்தால்தான் பதில் கிடைக்கும். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தராசு தவறு செய்வது குறைவு. தவறு பெரும்பாலும் தராசுக்கு மேலே, சரக்கு விழுகிற இடத்தில் நடக்கிறது. வாங்குகிறவர்கள் பார்ப்பதோ தராசை மட்டும்.

எடை போட்டு மூட்டை கட்டுவதே இங்கே பழைய பழக்கம் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம் 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. நெல்லுக்கு நெல்லைச் சீமையின் கணக்குத்தான். படி, மரக்கால், கோட்டை, எல்லாம் முகத்தல் அளவு. மரக்காலின் தலையைத் தட்டி வழிப்பதா, கும்பாரமாக விடுவதா என்பதில்தான் அன்றைய சண்டை. 1956-ஆம் ஆண்டுச் சட்டம் வந்து, 1958 அக்டோபரிலிருந்து மெட்ரிக் அளவு படிப்படியாக நடைமுறைக்கு வந்தபோது, கொள்ளளவு போய் எடை வந்தது. கும்பாரம் மட்டும் போகவில்லை. அது அந்த முதலாளியின் ‘ஒரு பிடி’யாக இன்றும் இருக்கிறது.

இந்த இரண்டு ஊர்களைச் சுற்றி மூட்டையாகிற சரக்கு பல வகை. வத்திராயிருப்பு, தேவதானம், சேத்தூர்ப் பக்கத்து நெல். அதிலிருந்து அரிசி, தவிடு, நொய். மானாவாரியில் மக்காச்சோளம். மாட்டுத் தீவனம். தென்னை இருப்பதால் கொப்பரையும் தேங்காய் நார்த்தூளும். ஒரு சிமென்ட் கம்பெனியின் பதிவு அலுவலகமும் ராஜபாளையத்தில். 2013 வரை மெட்ராஸ் சிமெண்ட்ஸ் என்ற பெயரில் இருந்த ராம்கோ சிமெண்ட்ஸ். அதன் முதல் ஆலை விருதுநகர்ப் பக்கம் ராமசாமி ராஜா நகரில். ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் பால்கோவா. 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. அது மூட்டைச் சரக்கு அல்ல, கால் கிலோ, அரைக் கிலோ பெட்டிச் சரக்கு. கையில் ஒட்டும், கரண்டியில் ஒட்டும். எந்த ஹாப்பரிலிருந்தும் ஒழுங்காக விழாது. அதற்கு இயந்திரம் தேடி அலைய வேண்டாம், நல்ல மேசைத் தராசு போதும். அங்கே மூட்டையாக வருவது சர்க்கரை மட்டும்தான்.

இனி தராசுக்கு வருவோம். மூட்டை பிடிக்கும் இடங்களில் நான் அடிக்கடி பார்ப்பது 300 கிலோ தராசு. ‘வெயிட் தாங்கும், அடி தாங்கும்’ என்று வாங்கி வைத்திருப்பார்கள். அதன் தகட்டைத் துடைத்துப் பார்த்தால் அதிகபட்சம் 300 கிலோ, ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்துக்கு நேரே 50 கிராம் என்று இருக்கும். அந்த ‘ஈ’தான் சரிபார்ப்புப் பிரிவு. சட்டம் அனுமதிக்கும் பிழை அதைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. வணிகத்தில் புழங்குகிற மூன்றாம் வகுப்புத் தராசில், முத்திரை இடும்போது 500 பிரிவுவரை அரைப் பிரிவு, 2,000 பிரிவுவரை ஒரு பிரிவு, அதற்கு மேல் ஒன்றரைப் பிரிவு பிழை இருக்கலாம். புழக்கத்தில் இருக்கும்போது சோதித்தால் இதைப்போல் இரு மடங்கு.

50 கிராம் பிரிவுள்ள தராசில் 50 கிலோ மூட்டை வைத்தால் 1,000 பிரிவு. முத்திரையின்போது 50 கிராம் பிழை இருக்கலாம், புழக்கத்தில் 100 கிராம்வரை போகலாம், இரண்டும் சட்டப்படி சரி. அதே மூட்டையை 100 கிலோ கொள்ளளவும் 10 கிராம் பிரிவும் உள்ள தராசில் வைத்தால் 5,000 பிரிவு. முத்திரையில் 15 கிராம், புழக்கத்தில் 30. இரண்டு தராசும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும், இரண்டிலும் முத்திரை இருக்கும். ஒன்று மற்றொன்றைவிட மூன்று மடங்கு பிசக இடம் கொடுக்கிறது. பலம் வேண்டும் என்று வாங்கிய 300 கிலோ, துல்லியத்தை விற்று வாங்கிய பலம். 50 கிலோவுக்கு மேல் வைக்கப்போவதில்லை என்றால் 100 கிலோதான் சரியான அளவு. அடி தாங்க வேண்டுமென்றால் தட்டையும் சட்டத்தையும் கனமாகச் செய்யச் சொல்லலாம்.

லோடு செல் பற்றிக் கொஞ்சம். 1938-இல் அமெரிக்காவில் எட்வர்ட் சிம்மன்ஸ், ஆர்தர் ரூஜ் என்ற இருவர், ஒருவருக்கொருவர் தெரியாமல் கண்டுபிடித்த திரிபுமானிதான் அதன் உயிர். எஃகுக் கட்டை சுமையில் வளைய, அதில் ஒட்டிய மெல்லிய கம்பியின் மின்தடை மாறுகிறது. கிடைப்பது மிகச் சிறிய மின்னழுத்தம். 10 வோல்ட் கொடுத்தால் முழுச் சுமையில் 20 மில்லிவோல்ட் அளவில்தான் திரும்ப வரும். இந்த 20 மில்லிவோல்ட்டைப் பத்தாயிரம் பங்காக்கித்தான் திரையில் 10 கிராம் தெரிகிறது. ஆகவே வயரை எலி கடித்தால், இணைப்புப் பெட்டியில் ஈரம் புகுந்தால், எண் ஆடத்தான் செய்யும். ஐப்பசி இடி மழையில் எர்த் சரியில்லாத ஆலையில் செல் போய்விடுவது சகஜம். இன்னொன்று உண்டு. ஹாப்பர் சட்டத்தில் விரிசல் என்று வெல்டரைக் கூப்பிட்டு, லோடு செல் வயரைக் கழற்றாமல் வெல்டு வைப்பார்கள். மின்சாரம் செல் வழியாகப் பாய்ந்து தரைக்குப் போகும். மறுநாள் தராசு பூஜ்யத்துக்கே வராது. ஒரு தடவை பட்ட பிறகுதான் எனக்கும் இது தெரியும்.

இதிலேயே விளம்பரத் தாளில் வராத ஒரு சங்கதி இருக்கிறது. பழைய தட்டுத் தராசு எடைக்கல்லோடு சரக்கை ஒப்பிடும். லோடு செல் அப்படியல்ல, பூமி இழுக்கிற விசையை அளக்கிறது. அந்த விசை ஊருக்கு ஊர் மாறும். நிலநடுக்கோட்டுக்கு அருகே குறைவு, வடக்கே போகப் போகக் கூடும். டெல்லியில் சரிசெய்யப்பட்ட இயந்திரத்தை அப்படியே கொண்டுவந்து ராஜபாளையத்தில் நிறுத்தினால், 50 கிலோவை அது ஏறக்குறைய 50 கிராம் குறைத்துக் காட்டும். திரையில் 50 வரவேண்டும் என்று நாம் 50 கிராம் கூடப் போடுவோம். ஜெர்மனியில் சரிசெய்தது என்றால் 140 கிராமுக்குப் பக்கம். எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும், இயந்திரம் வந்து நின்ற இடத்திலேயே எடைக்கல் வைத்து மறுபடி சரிசெய்த பிறகுதான் பணத்தின் கடைசித் தவணையைக் கொடுக்க வேண்டும்.

இவ்வளவும் நிற்கிற சரக்கின் கதை. மூட்டை பிடிக்கும்போது சரக்கு நிற்பதில்லை, விழுந்துகொண்டே இருக்கிறது. ஹாப்பரின் வாய்க்கும் பையில் இருக்கும் சரக்குக்கும் இடையே 60 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். அந்த உயரத்தை விழ 0.35 விநாடி ஆகும். 50 கிலோவை 12 விநாடியில் நிரப்பினால் விநாடிக்கு 4 கிலோவுக்கு மேல் ஓட்டம். கதவு மூடிய நொடியில் அந்தரத்தில் தொங்குவது சுமார் ஒன்றரைக் கிலோ. அது தராசில் இன்னும் ஏறவில்லை, ஏறியே தீரும். அதை முன்கூட்டிக் கழித்துக் கதவை மூடச் சொல்லலாம், எல்லா இயந்திரமும் அப்படித்தான் செய்கிறது. சிக்கல் எங்கே என்றால், அந்த ஒன்றரைக் கிலோ ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு இருக்காது. ஹாப்பர் நிறைந்திருந்தால் ஓட்டம் வேகம், பாதி காலியானால் மந்தம். அரிசியில் ஈரம் இருந்தால் ஒரு மாதிரி, காய்ந்திருந்தால் வேறு மாதிரி. பத்தில் ஒரு பங்கு மாறினாலே 150 கிராம் போச்சு. தராசின் 15 கிராம் பிழையைப் பற்றி நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்!

இதற்கு வழி இரண்டு வேக ஓட்டம். 47, 48 கிலோ வரை கதவு முழுக்கத் திறந்திருக்கும். பிறகு சிறு வாய் மட்டும். விநாடிக்கு 400 கிராம் என்று மெல்லச் சொட்டினால் அந்தரத்தில் இருப்பது 140 கிராம்தான். பத்தில் ஒரு பங்கு மாறினாலும் 14 கிராம். ஆக, பையின் துல்லியத்தைத் தீர்மானிப்பது லோடு செல் அல்ல, அந்தச் சிறு வாய். மெல்லோட்டத்தை நீட்டினால் துல்லியம் கூடும், மணிக்கு எத்தனை பை என்ற கணக்கு குறையும். தாளில் ஒரு வரியில் ‘0.1 சதவீதம்’ என்றும், அடுத்த வரியில் ‘மணிக்கு 600 மூட்டை’ என்றும் போட்டிருப்பார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்குமா என்று கேட்டால் விற்பனைக்காரர் தேநீர் வாங்கிவரச் சொல்வார்.

உலக அளவில் தானியங்கி நிரப்பும் இயந்திரங்களுக்கென்று தனித் தரநிலை உண்டு, ஓ.ஐ.எம்.எல். ஆர்-61. சராசரியிலிருந்து ஒவ்வொரு பையும் எவ்வளவு விலகலாம் என்பதை அது வகுப்பாகச் சொல்கிறது. ‘எக்ஸ் 0.2’ வகுப்பு என்றால், 50 கிலோ பை புழக்கத்தில் 100 கிராம்வரை விலகலாம். இதைச் சொல்லாமல் வெறும் 0.1 சதவீதம் என்று மட்டும் போடுகிற தாள், பெரும்பாலும் நிலையாக வைத்த எடைக்கல்லைப் பற்றித்தான் பேசுகிறது. ‘ஓடும்போது, எங்கள் சரக்கில், எந்த வகுப்பு?’ என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

சரக்கு விழுகிற விதமோ சரக்குக்குச் சரக்கு வேறு. அரிசி, நெல், மக்காச்சோளம் எல்லாம் தானே ஓடும் ஜாதி. கதவைத் திறந்தால் போதும். இவற்றுக்கு மேலேயே ஒரு சிறு ஹாப்பரில் நிறுத்து, பிறகு மொத்தமாகப் பைக்குள் கொட்டுகிற இயந்திரம் நன்றாக ஒத்துவரும். ஒரு பை மாட்டும் நேரத்தில் அடுத்த எடை தயாராகிவிடும், பையின் எடையும் கணக்கில் குறுக்கிடாது. தவிடு அப்படியல்ல. ஹாப்பருக்குள் வளைவு கட்டிக்கொண்டு தொங்கும். கீழே துளை விழுந்து நடுவில் மட்டும் இறங்கும். தட்டினால் திடீரென்று எல்லாம் சேர்ந்து சரியும். அதற்குப் பெல்ட் ஊட்டி வேண்டும், ஹாப்பரின் சரிவு செங்குத்தாக இருக்க வேண்டும். சின்ன நிறுப்பு ஹாப்பரில் தவிட்டைக் கொட்டினால் சுவரில் ஒட்டிக்கொண்டு கொஞ்சம் தங்கிவிடும். ஆகவே பையையே வாயில் மாட்டி, பையோடு சேர்த்து நிறுப்பது நல்லது. மாவுக்குத் திருகு ஊட்டி. பிண்ணாக்கும் தவிடும் வெல்லப்பாகும் கலந்த மாட்டுத் தீவனம் பிசுபிசுக்கும், அதற்கும் பெல்ட்தான். நார்த்தூள் எடையே இல்லாத சரக்கு, பை நிறைந்துவிடும், கிலோ நிறையாது. அங்கே தராசைவிட அமுக்கும் கருவிதான் முக்கியம். ஒரே இயந்திரத்தில் அரிசியும் தவிடும் பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால், இரண்டையும் சுமாராகப் பிடிக்கலாம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

சிமென்ட் இன்னொரு உலகம். காற்று கலந்தால் தண்ணீர்போல ஓடுகிற பொடி அது. மூலையில் சிறு வால்வு வைத்த பையைக் குழாயில் செருகி, காற்றாலோ சுழலும் இறக்கையாலோ உள்ளே தள்ளுவார்கள். காற்று பையின் நெசவு வழியே வெளியேறும், நிறைந்ததும் உள்ளே இருக்கும் சிமென்டே வால்வை அமுக்கி அடைத்துவிடும். தையல் வேலையே இல்லை. ஒரு சக்கரத்தில் எட்டோ பன்னிரண்டோ குழாய். சுற்றிக்கொண்டே நிரப்பி, சுற்று முடிகிற இடத்தில் பையைக் கீழே தள்ளும். இதைச் சிறு ஆலைக்காரர் யாரும் வாங்கப்போவதில்லை. ஆனால் அங்கிருந்து கற்க ஒன்று உண்டு. நிரம்பிய பை பெல்ட்டில் போகும்போது இன்னொரு தராசு அதை மறுபடி நிறுக்கிறது. ஐந்தாம் குழாய் தொடர்ந்து 80 கிராம் கூடப் போடுகிறது என்று தெரிந்தால், அந்தக் குழாய்க்கே திருத்தம் தானாகப் போகிறது. நிரப்புகிற தராசை வேறு ஒரு தராசு கண்காணிக்கிறது. நம் பக்கத்து ஆலையில் அந்த இரண்டாவது தராசு லாரி எடைமேடைதான்.

எடைமேடை இதைப் பிடிக்குமா? 400 மூட்டை ஏற்றிய லாரியில் சரக்கு 20 டன். மூட்டைக்கு 100 கிராம் கூடுதல் என்றால் மொத்தம் 40 கிலோ. 10 கிலோ பிரிவுள்ள எடைமேடையில், வண்டியும் சரக்குமாக 30 டன் நிற்கும்போது, முத்திரையிலேயே 15 கிலோ, புழக்கத்தில் 30 கிலோ பிழை அனுமதிக்கப்பட்டது. டேங்கில் டீசல் எவ்வளவு, கிளீனர் இறங்கினாரா, தார்ப்பாய் நனைந்ததா என்பதையும் சேர்த்துக்கொண்டால் 40 கிலோ அதில் காணாமல் போய்விடும். மதுரை–கொல்லம் சாலையில் செங்கோட்டை வழியாகக் கேரளாவுக்குப் போகும் வண்டிகளில் ‘எடை சரியா இருந்துச்சு’ என்று யாராவது சொன்னால், அது 40 கிலோ இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ என்று பொருள்.

ஈரம்தான் இந்தக் கதையில் பெரிய ஆள். அதைப் பற்றி இயந்திரம் விற்கிறவர்கள் பேசுவதில்லை. 14 சதவீத ஈரத்தில் பிடித்த 26 கிலோ அரிசி, கிடங்கில் கிடந்து ஒரே ஒரு சதவீதம் காய்ந்தால் 25.700-க்கு வந்துவிடும். 300 கிராம் காற்றோடு போயிற்று. யாரும் திருடவில்லை, எந்தத் தராசும் பொய் சொல்லவில்லை. அந்த முதலாளியின் ஒரு பிடி உண்மையில் இதற்குத்தான் காப்பீடு. ஆனால் எவ்வளவு காயும் என்று அளக்காமல் குத்துமதிப்பாகப் போடுகிற காப்பீடு. என்னைக் கேட்டால், புது இயந்திரத்துக்கு முன்கூட்டியே ஒரு நல்ல ஈரமானி வாங்கச் சொல்வேன். அதன் விலை இயந்திர விலையில் சிறு பங்குதான்.

நெல் கொள்முதலிலும் இதே கதை. தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடிக் கொள்முதல் நிலையத்தில் மூட்டை 40 கிலோ, ஈரம் 17 சதவீதம் வரை. அதே நெல் 14 சதவீதத்துக்குக் காய்ந்தால் 38.600 தான். சணல் சாக்கின் எடை 580 கிராம் என்று வைத்து, தராசில் 40.580 பார்த்து இறக்குவது வழக்கம். சணலோ காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். மார்கழியில் நனைந்த சாக்கும், பலமுறை புழங்கித் தேய்ந்த சாக்கும் ஒரே 580 ஆகாது. வரிசையில் நிற்கிற விவசாயிக்கும் மூட்டை பிடிக்கிறவருக்கும் இடையே நடக்கிற வாக்குவாதத்தில் பாதி, சாக்கை வைத்துப் பூஜ்யம் ஆக்கிய பிறகு நெல்லைக் கொட்டினால் தீர்ந்துவிடும். தராசில் அதற்கென்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்த இரண்டு விநாடி கூட ஆகும். நாளுக்கு நூற்றுக்கணக்கான மூட்டை இறங்கும் இடத்தில் அந்த இரண்டு விநாடிக்கு யாருக்கும் பொறுமை இல்லை. தானியங்கி இயந்திரம் இந்த ஒரு காரியத்தை மட்டும் மறக்காமல் செய்யும். அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

26 கிலோ என்ற விசித்திர எண் எங்கிருந்து வந்தது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரையிலான முன்பொதியப்பட்டு முகப்புச்சீட்டு ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. காலங்காலமாக 25 கிலோ சிப்பம் விற்ற ஆலைகள் ஒரு கிலோவைக் கூட்டி 26 ஆக்கின. ஒரு வரி விதி, பையின் அளவையே மாற்றிவிட்டது. இயந்திரம் வாங்கும்போது இதையும் நினைவில் வைக்க வேண்டும். நிறுப்பு ஹாப்பரின் கொள்ளளவு 25-க்கு மட்டும் அளவெடுத்துச் செய்யப்பட்டிருந்தால், நாளை 30 கிலோ பை வரும்போது ஹாப்பரை வெட்டிப் பெரிதாக்க ஆள் தேட வேண்டியிருக்கும்.

சட்டம் என்ன எதிர்பார்க்கிறது? 2009-ஆம் ஆண்டுச் சட்டமுறை எடையளவுச் சட்டம் 2011 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் தொழிலாளர் துறை அதை அமலாக்குகிறது. எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுக்கு ஒரு முறை மறுமுத்திரை. முத்திரையில் ஆண்டும், எந்தக் காலாண்டு என்பதற்கு ஏ, பி, சி, டி என்ற எழுத்தும் இருக்கும். இயந்திரத்துக்கு மாதிரி ஒப்புதல் இருக்க வேண்டும். பழுது பார்ப்பவருக்கும் உரிமம் வேண்டும். பக்கத்து எலக்ட்ரீஷியன் சீலை உடைத்துத் திறந்தால் முத்திரை செல்லாது. இவற்றைக் கேட்காமல் வாங்குகிறவர்கள் உண்டு.

பையின் எடையைப் பொறுத்தவரை, வியாபாரிகள் பயப்படும் அளவுக்குச் சட்டம் கடுமையானது அல்ல. பொதிந்த பொருள் விதிகளின்படி 15 கிலோவுக்கு மேற்பட்ட பைக்கு ஒரு சதவீதம்வரை குறை பொறுக்கப்படும். 25 கிலோ பையில் 250 கிராம். ஆனால் சோதித்த பைகளின் சராசரி, அச்சிட்ட எடைக்குக் குறையக் கூடாது. அதாவது ஒரு பை சற்றுக் குறைந்து ஒரு பை சற்றுக் கூடி, சராசரி நேராக நின்றால் போதும். ஏற்ற இறக்கம் குறைந்த இயந்திரம் இருந்தால் இலக்கை அச்சிட்ட எடைக்கு வெகு அருகே வைக்கலாம். இயந்திரத்துக்குக் கொடுக்கிற காசு உண்மையில் இந்த இடைவெளிக்குத்தான்.

அந்த இடைவெளியை ரூபாயாக்கிப் பார்க்கலாம். ஓர் ஆலை நாளுக்கு 1,000 பை, வருடத்தில் 300 நாள் ஓடுகிறது; பைக்குச் சராசரியாக 60 கிராம் கூடப் போகிறது. நாளுக்கு 60 கிலோ, வருடத்துக்கு 18 டன். கிலோ 50 ரூபாய் என்றால் 9 லட்சம். இந்த ஆலைக்கு இரண்டு வேக ஊட்டியோடு நல்ல நிறுப்பு இயந்திரம் சீக்கிரமே தன் விலையைத் திருப்பிக் கொடுத்துவிடும். பக்கத்தில் நாளுக்கு 200 மூட்டை தவிடு பிடிக்கிறவருக்கு, மூட்டைக்கு 100 கிராம் கூடுதலாகப் போனாலும் வருடத்துக்கு 6 டன். கிலோ 20 ரூபாய் என்றால் 1 லட்சத்து 20 ஆயிரம். அவர் தானியங்கி வாங்குவது வீண். 100 கிலோ, 10 கிராம் தராசு, ஒரு கை நெம்புகோல் கதவு, அதில் ஒரு சிறு வாய் வெட்டிப் பொருத்தினால் முக்கால்வாசி பலன் கிடைத்துவிடும். நாளுக்கு ஐந்நூறு பைக்குக் கீழே பிடிக்கிற, விலை மலிந்த சரக்கு உள்ள யாருக்கும் நான் இதைத்தான் சொல்வேன். மானியம் கிடைக்கிறது என்பதற்காகப் பெரிய இயந்திரம் வாங்கி, ஷெட்டின் மூலையில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கையில் பிடிக்கும் தையல் மிஷினில் ஓர் ஆள் நிமிடத்துக்கு நான்கைந்து பைக்கு மேல் தைக்கச் சிரமப்படுவார். அதற்குப் பிறகு லோடுமேன் தூக்க வேண்டும். நிமிடத்துக்குப் பத்துப் பை நிறுக்கிற இயந்திரம் வந்தால், ஒன்பதாவது பைக்குள் தையல்காரர் கையைத் தூக்கிவிடுவார். இயந்திரம் பாதி நேரம் பை வருமா என்று வாயைத் திறந்துகொண்டு நிற்கும். மூட்டைக் கூலி எண்ணிக்கைக்கு என்பதால் தூக்குகிறவர்கள் வேகத்தை விரும்புவார்கள். ஆனால் அவர்கள் முதுகுக்கும் ஒரு மணிக்கணக்கு உண்டு. தையலை முதலில் பெல்ட்டோடு சேர்த்து நிமிர்த்துவதா, நிறுப்பை முதலில் மாற்றுவதா என்றால், பல ஆலைகளில் தையல்தான் முதல்.

இடமும் பேசும். இந்த ஊர்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம். ஆனி, ஆடியில் மேல்காற்று திறந்த ஷெட்டுக்குள் புகுந்து தராசுத் தட்டின் அடியைத் தூக்கும், திரையில் எண் நிலைகொள்ளாது. மூன்று பக்கம் இடுப்பளவு தகரம் அடித்தால் தீரும். பக்கத்தில் சலிக்கும் இயந்திரம் அதிர்ந்தால் அதே தளத்தில் தராசை வைக்கக் கூடாது, தனி அஸ்திவாரம் வேண்டும். தட்டுக்கு அடியில் உதிர்ந்த அரிசி சேர்ந்து கெட்டிப்பட்டு முட்டுக்கொடுத்தால் தராசு நிச்சயம் குறைத்துத்தான் காட்டும். வாரத்துக்கு ஒருமுறை தட்டைத் தூக்கிக் கூட்டாத ஆலையில் எந்தத் துல்லியமும் நிற்காது.

அந்த அரிசி ஆலை முதலாளிக்கு நான் சொன்னது இவ்வளவுதான். முத்திரையிட்ட 20 கிலோ கல் இரண்டும் 10 கிலோ கல் ஒன்றும் வாங்குங்கள். காலையில் ஹாப்பர் திறக்குமுன் நடுவிலும் நான்கு மூலையிலும் வைத்துப் பார்த்து நோட்டில் எழுதுங்கள். அடுத்து, இப்போது பிடிக்கிற பைகளில் வரிசையாக முப்பதை, ஒன்றையும் விடாமல், நல்ல தராசில் மறுபடி நிறுத்து எழுதுங்கள். பிறகு ஒரு வண்டியில் உங்கள் அரிசியை இரண்டு டன் ஏற்றிக்கொண்டு இயந்திரம் செய்கிறவர் பட்டறைக்கே போங்கள். அவர் வைத்திருக்கும் மாதிரி அரிசியில் ஓட்டிக் காட்டச் சம்மதிக்காதீர்கள். ஹாப்பர் நிறைந்திருக்கும்போது இருபது பை, காலியாகிக்கொண்டிருக்கும்போது இருபது பை. ஒவ்வொன்றையும் நீங்களே எழுதுங்கள்.

முப்பது பையை அன்று மாலையே நிறுத்தார்கள். சராசரி 130 கிராம் கூட இருந்தது. மிகக் குறைந்த பை 40 கிராம் கூட, மிகக் கனத்த பை 310 கூட. நெம்புகோல்காரர் நோட்டை எட்டிப் பார்த்தார். “அண்ணாச்சி, அந்த 310 நான் போட்டதில்ல,” என்றார், “நீங்க சொன்ன ஒரு பிடி.”